சீட்டு விரிப்பும் அப்பாயியின் அரிவாள்மனையும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, பொங்கலுக்கு எல்லாரும் தஞ்சாவூர் வர்றோம். ராத்திரி சீட்டு ஆடலாம்னு இருக்கோம். சாப்பாட்டு மேசை மேல போடுறதுக்கு மெத்தை வச்ச விரிப்பு ஒண்ணு ஆன்லைன்ல பார்த்தேன். போக்கர் ஆடுறவங்க வாங்குறது. ஆட்டம் முடிஞ்சா சுருட்டி வச்சிடலாம். வாங்கவா?" என்றான்.

வரலாற்று வாத்தியாரிடம் விரிப்பைப் பற்றிக் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். அவனுக்குப் போனில் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நம் டெல்டாவில் சீட்டுக்கு என்று ஒரு பருவம் உண்டு. தையில் சம்பா அறுத்து, களத்தில் நெல் அளந்து, வைக்கோல்போர் போட்டாகிவிட்டால், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை நஞ்சையில் பெரிய வேலை இருக்காது. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. கையில் நெல் விற்ற பணம், முதுகுக்குத் திண்ணைத் தூண், ஆற்றுக் காற்று. ஆட்டம் சூடு பிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்த ஓய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுத்துக் கட்டியவர்களுக்கு அந்த மாதங்களில் ஓய்வு கிடையாது. வேலை இல்லாத பட்டினிதான்.

திண்ணையில் வெறும் தரையில் சீட்டுப் போட மாட்டார்கள். தளத்தில் விழுந்த சீட்டை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். ஓரம் மடங்கிப் போகும். மடங்கிய சீட்டை எதிராளி முதுகுப்பக்கம் பார்த்தே அடையாளம் கண்டுகொள்வான். அப்புறம் சண்டைதான். அதனால் முதலில் கோரைப்பாய். நம் வாய்க்கால் கரைகளில் விளையும் கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து நெய்வது. பாய் குளிர்ச்சி, ஆனால் வழவழப்பு. காற்றடித்தால் சீட்டு பறக்கும். கூழாங்கல்லை வைத்து அழுத்திக்கொண்டு ஆடுவார்கள்.

வசதியான வீடுகளில் ஜமுக்காளம். நம் பக்கத்துக் கல்யாணங்களில் விரித்த பட்டைபட்டையான ஜமுக்காளம் பெரும்பாலும் பவானியிலிருந்து வந்தது. பவானியும் காவிரிக்கரை ஊர்தான். பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத் துணி வந்து கைத்தறியை நசுக்கியபோது, அந்த ஊர் நெசவாளிகள் மெல்லிய துணியில் ஆலையோடு போட்டி போட முடியாது என்று கண்டு, தடித்த பருத்தி நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முரட்டு நூல் என்பதால் சீட்டு வழுக்காது. நூலுக்கும் சீட்டுக்கும் நடுவில் விரல் நுழையும். நான்காக மடித்துப் போட்டால் மெத்தை மாதிரி. தம்பி மகன் பார்த்த விரிப்பு செய்கிற வேலையை அதுவும் செய்தது. காசு விழுந்தால் சத்தம் கேட்காது என்பது கூடுதல் சௌகரியம்.

சீட்டுக்கு முன்னாலேயே நம்மிடம் சுருட்டி வைக்கிற விளையாட்டுத் துணி இருந்தது. சொக்கட்டான் துணியைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டல் குறி வடிவம், நான்கு கை, ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், ஆக 96 கட்டம். நான்கு நிறத்தில் 16 காய்கள். துணியில் கட்டத்தைத் தைத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்தால் காயையும் சோழியையும் உள்ளே போட்டு முடிந்து பரணில் வைத்துவிடலாம். அக்பர் பத்தேபூர் சிக்ரியில் முற்றத்துத் தரையிலேயே பெரிய பலகை அமைத்துக்கொண்டார். நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு முழத் துணி போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் சீட்டு பற்றிக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று பாபர் நாமாவில் இருக்கிறது. 1527-ல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குப் பாபர் 'கஞ்சிஃபா' சீட்டுகள் அனுப்பியதாகக் குறித்திருக்கிறார். கஞ்சிஃபா வட்டமான சீட்டு. பிறகு வந்த தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டு. அவ்வளவு வட்டச் சீட்டைக் கையில் வைத்து எப்படிக் கலைப்பது? விரிப்பில் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு கையாலும் அளைந்து கலப்பதுதான் சுலபம்.

நாம் இப்போது ஆடும் 52 சீட்டுக் கட்டு கடல் வழியாக வந்தது. அதற்கான சான்று உங்கள் வாயிலேயே இருக்கிறது. சீட்டின் நான்கு இனத்தைச் சொல்லிப் பாருங்கள்: இஸ்பேடு, ஆடுதன் (சில ஊரில் ஆர்ட்டின்), டைமன், கிளாவர். கிளப்ஸை ஆங்கிலத்தில் கிளாவர் என்று சொல்வதில்லை. டச்சில்தான் 'கிளாவர்'. ஹார்ட்ஸ் டச்சில் 'ஹார்டன்'. நம் நாக்கில் ஆடுதன். போர்த்துக்கீசியர் இஸ்பேடை 'எஸ்பாதாஸ்' என்பார்கள், வாள் என்று பொருள். நாகப்பட்டினம் 1658 வரை போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அதன்பின் 1781 வரை டச்சுக்காரர்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு 1690 முதல் அதுவே தலைமையிடம். நூறு வருஷத்துக்கு மேல் கிடங்கிலும் கப்பல்துறையிலும் நம் ஆட்கள் அவர்களோடு வேலை பார்த்தார்கள். கோட்டை போய்விட்டது, சொல் நம் திண்ணையில் தங்கிவிட்டது.

இன்னொரு சான்று, முந்நூற்று நாலு. யாழ்ப்பாணத்திலும் பெயர் பெற்ற ஆட்டம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் 304. ராஜா ராணியைவிட ஜாக்கி பெரியவனாக இருப்பது எப்படி என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பம். டச்சுக்காரர்களின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்திலும் துருப்பில் ஜாக்கிதான் முதல், ஒன்பது இரண்டாவது என்று பிற்பாடு படித்தபோதுதான் தெளிந்தது.

தம்பி மகன் சொல்லும் போக்கர் இதற்கெல்லாம் இளையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளிலும் வளர்ந்தது. பச்சைக் கம்பளித் துணி போட்ட சீட்டு மேசை அதற்கும் மூத்தது. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் பணக்கார வீடுகளில் மடக்கு மேசை இருந்தது. மடக்கினால் சாதாரண மேசை, பிரித்தால் உள்ளே பச்சைத் துணி. அதனுடைய ஏழைத் தம்பிதான் இப்போது விற்கிற சுருட்டு விரிப்பு.

இனி எங்கள் வீட்டு ஜமுக்காளத்தின் கதை. என் பிள்ளைகளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

என் தாத்தாவுக்கு ஒரு தம்பி. சின்னத் தாத்தா. நல்ல மனிதர், நல்ல குரல், கோயில் திருவிழா என்றால் முன்னால் நிற்பார். 1940-களில் ஒரு பங்குனி மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று ராத்திரி தொடர்ந்து மூணு சீட்டு நடந்திருக்கிறது. முதல் ராத்திரி நெல் விற்ற பணம். இரண்டாம் ராத்திரி கடுக்கன். மூன்றாம் ராத்திரி வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு மா நஞ்சை. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்ற கணக்கு இளைஞர்களுக்குத் தெரியாது. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அந்தக் குடும்பம் சாப்பிட்டதே அதில்தான்.

விடிந்ததும் அப்பாயி திண்ணைக்கு வந்தார். யாரையும் திட்டவில்லை. ஜமுக்காளத்தை உருவினார். மேலே இருந்த சீட்டும் காசும் தெருவில் சிதறின. உள்ளே கொண்டுபோய் அரிவாள்மனையில் வைத்து நடுவில் அறுத்து இரண்டாக்கினார். "இனிமே இந்த வீட்ல சீட்டு ஆடுறவுக புளியங்கொட்டை வச்சு ஆடுங்க. காசு எடுத்தா அடுத்தது கட்டைதான் அறுபடும்" என்றாராம். சீட்டுக்கட்டையா, யாருடைய கட்டையையா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

நிலம் திரும்பவில்லை. சின்னத் தாத்தா தம் வயலாக இருந்த அதே வயலில் கூலிக்கு நாற்றுமுடி சுமந்ததை என் அப்பா பார்த்திருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகளும் இந்தப் பதிவைப் படிக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வள்ளுவர் சூது அதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று பத்தாம் வகுப்பில் நான் கேட்பேன், நினைவிருக்கிறதா? 94-ஆவது அதிகாரம், பொருட்பாலில், நட்பியலில். கள்ளுண்ணாமைக்கு அடுத்தது, மருந்துக்கு முந்தியது. தோற்பவன் எதிரியிடம் தோற்பதில்லை. திண்ணையில் தோளோடு தோள் உட்கார்ந்த கூட்டாளியிடம்தான் தோற்கிறான். எங்கள் ஆறு மாவை ஜெயித்தவரும் சின்னத் தாத்தாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர்தான்.

சட்டம் இதை வேறு விதமாகப் பிரித்தது. சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், சூதாட்ட விடுதி நடத்துவதைக் குற்றமாக்கி, திறமையால் மட்டும் ஆடும் விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. 1968-ல் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால் ரம்மியில் திறமையே மேலோங்கியது என்றது. மூணு சீட்டை அதிர்ஷ்ட ஆட்டம் என்று தள்ளியது. பிறகு ஆட்டம் கைபேசிக்குள் போனது. தமிழ்நாடு 2022-ல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது.

இந்த இடைப்பட்ட வருஷங்களில் என்னிடம் படித்த ஒரு பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கணக்கில் புலி. ராத்திரி போர்வைக்குள் கைபேசியில் ரம்மி ஆடி, சம்பளம் போய், மனைவி நகை போய், மூன்று பேரிடம் கடன். என்னிடம் பணம் கேட்க வரவில்லை. அவன் அப்பாவிடம் சொல்ல துணைக்கு வரச் சொன்னான். போனேன். இன்று மீண்டு வந்துவிட்டான். அன்று அவனுடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒரே வீட்ல இருந்தும் எனக்கு எப்படி சார் தெரியாமப் போச்சு?"

அந்தக் கேள்விதான் என்னை அப்பாயியிடம் கொண்டுபோனது. திண்ணையில் ஜமுக்காளம் விரித்தால் ஊருக்கே தெரியும். யார் உட்கார்ந்தார்கள், யார் கடுக்கன் கழற்றினார்கள் என்பது தெரியும். மூன்று ராத்திரி தாமதமாகவேனும் ஒரு பெண்ணால் வந்து அதை உருவ முடிந்தது. கைபேசியில் உருவ என்ன இருக்கிறது?

அதனால் தம்பி மகனிடம் "வாங்கு" என்றேன். மேசை மேல் விரிப்புப் போட்டு, எட்டுப் பேர் முகம் பார்த்து உட்கார்வது நல்லதுதான். எப்படிப்பட்டது வாங்க வேண்டும் என்றும் சொன்னேன். முதலில் மேசையை அளந்துகொள். விளிம்பில் தொங்கினால் சின்னப் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள். அடிப்பக்கம் ரப்பர் இருக்கட்டும், நகராது. மெத்தை மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் தடிமன் என்றால் காபி டம்ளர் ஆடிக் கவிழும். மேல்துணி தண்ணீரை உடனே உறிஞ்சாததாக இருக்கட்டும். மடிப்பதைவிடச் சுருட்டுவது மேல், மடித்தால் கோடு விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நன்றாகக் காயவைக்காமல் சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். சூடான பாத்திரம் மேலே கூடாது.

கடைசியாக ஒன்று சொன்னேன். "புளியங்கொட்டை நான் கொண்டு வர்றேன்."

"பெரியப்பா, பத்து ரூபா வச்சுக்கூட ஆடக் கூடாதா?" என்றான். அறுத்த ஜமுக்காளத்தில் ஒரு பாதி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் வெளுத்து, அறுத்த ஓரம் பிரிந்துவிடாமல் அப்பாயியே கையால் தைத்தது. பொங்கலுக்கு அதையும் கொண்டு வருவதாகச் சொன்னேன். புது விரிப்புக்கு அடியில் போடலாம், மேசைக்கும் கீறல் விழாது. மறு பேச்சு பேசவில்லை.

உங்கள் வீட்டில் சீட்டுக்கு எதை விரித்தார்கள், காசுக்குப் பதில் எதை வைத்தார்கள் என்று எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். யாராவது போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்தால் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். திட்ட மாட்டேன். துணைக்கு வருவேன்.

உங்கள் வாத்தியார்.