தாது வருஷமும் சூரியப் புள்ளியும்: மரக்காணத்து மழைக்கு யார் காரணம்?

ஈசிஆர்ல பாண்டிச்சேரிக்குப் போனவங்க மரக்காணத்தைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ரோட்டோரமா கட்டம் கட்டமா பாத்தி, வரப்புல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். வண்டியை நிறுத்தி நாலு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். 3,000 ஏக்கருக்கும் மேல பரந்து கிடக்கிற உப்பளம் அது. தை, மாசியில வேலை ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தா நின்னுடும். இந்தத் தொழிலுக்கு வேண்டியது உப்புத்தண்ணி, வெயில், காத்து. நடு சீசன்ல ஒரு பெருமழை பெஞ்சா பாத்தியில விளைஞ்ச உப்பு கரைஞ்சு போகும். உப்பு வாருறவங்களுக்கு அன்னிக்குக் கூலியும் போச்சு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. புதுச்சேரியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. மரக்காணம் உப்பளங்கள் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

இதைப் பத்திப் பேசினா ஒரு எதிர்க்கேள்வி வரும். "புயல் என்ன புதுசா? 1964-ல தனுஷ்கோடியே போச்சே. சூரியன்ல ஏதாவது மாற்றம் இருக்கும். மனுஷன்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?" நியாயமான கேள்விதான். சுவாரஸ்யம் என்னன்னா, "சூரியன்தான் காரணம்" என்ற இந்த வாதம் ஏறக்குறைய 150 வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ் மழைக் கணக்கை வெச்சே ஒரு முறை பரிசோதிக்கப்பட்டது.

1876-ல் பருவமழை பொய்த்தது. அது தாது வருஷம். அதனால்தான் நம்ம ஊர்ல அதுக்குத் தாது வருஷப் பஞ்சம்னு பேர். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

அப்போது இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்தவர் வில்லியம் வில்சன் ஹண்டர். சென்னையில் அறுபது வருஷத்துக்கும் மேலான மழைக் கணக்கு கைவசம் இருந்தது. சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு முறை கூடும், குறையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஹண்டர், புள்ளி குறைந்த வருஷங்களில் மெட்ராஸில் மழையும் குறைகிறது என்று 1877-ல் எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்யர் அவருடன் சேர்ந்துகொண்டார். 'நேச்சர்' இதழை ஆரம்பித்தவர் இவர்தான். லண்டனில் அது பெரிய பேச்சானது. பஞ்சம் எப்போது வரும் என்று சூரியனைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வந்தது.

அரசாங்கத்துக்கும் அது வசதியான விளக்கம். ஏன்னா அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. நிவாரண முகாமில் நாள் முழுக்க உழைத்த ஆளுக்குக் கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடக் கொஞ்சம் சில்லறை. பஞ்சத்துக்கு நடுவிலேயே சென்னை மாகாணத்தில் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. பழியைச் சூரியன் மேல போட்டுட்டா இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க, இல்லையா?

ஆனா அறிவியல் அங்கேயே நிக்கல. மெட்ராஸுக்குப் பொருந்தினது மத்த ஊருக்கும் பொருந்துதான்னு பார்த்தாங்க. பல இடங்களில் பொருந்தவில்லை. வட இந்தியக் குளிர்கால மழையில் கணக்கு தலைகீழாக வந்தது. 1904-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் கில்பர்ட் வாக்கர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். பல நாடுகளின் வானிலைக் கணக்குகளை அவர் ஒப்பிட்டபோது, மழையைக் கணிக்கும் அளவுக்குச் சூரியப் புள்ளிக்கு வலு இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பதில் அவர் கண்டது, பசிபிக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி ஆடுவதை. இன்னிக்கு நாம எல் நினோன்னு சொல்றோமே, அதோட மறுபாதி அது. 1877-ல் மிக வலுவான எல் நினோ இருந்தது என்று இப்போது தெரிகிறது. அதாவது, வறட்சி இயற்கையாக வந்தது. சாவு எண்ணிக்கையில் ஆட்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கதையிலிருந்து மூணு கேள்வியை எடுத்துக்கலாம். ஒரு விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்துதா? நடக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிச்சா? வேற காரணங்களைப் பிரிச்சுப் பார்க்க வழி இருக்கா? சூரியப் புள்ளி முதல் கேள்வியிலேயே விழுந்தது. மனிதர் வெளியிடும் வாயுக்கள்தான் பூமியைச் சூடாக்குகின்றன என்ற விளக்கத்தையும் இதே மூன்றில் நிறுத்துவோம்.

முதல் கேள்வி. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தென் துருவத்தில் அளந்தாலும் இதே ஏற்றம்தான். அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கும் அடையாளம் உண்டு. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருஷப் பழசு என்பதால் அவற்றில் கதிரியக்கக் கார்பன்-14 இருக்காது. காற்றில் அதன் விகிதம் அதற்கேற்ப நீர்த்துப்போவதை விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு மரக்காணத்திலிருந்து இதே கடற்கரையில் சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே போகணும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் பொறியியல் முடித்தவர் வீரபத்ரன் ராமநாதன். முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில், குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது. பிறகு அமெரிக்கா போனார். 1975-ல், அதே வகை வாயுவின் ஒரு மூலக்கூறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளின் அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று காட்டினார். 1980-ல் ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து, மனிதரால் வந்த வெப்ப உயர்வு 2000-ஆம் ஆண்டு வாக்கில் அளவீடுகளில் தெளிவாகத் தெரியும் என்று எழுதினார். 2001-ல் ஐ.நா.வின் காலநிலை அறிக்கை, கடந்த 50 ஆண்டு வெப்ப உயர்வின் பெரும்பகுதிக்கு இந்த வாயுக்களே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றது.

மூன்றாவது கேள்வி, சூரியனைப் பிரிச்சுப் பார்க்கிறது. சூரியன் கூடுதலா சூடாக்கினா வளிமண்டலம் மேலேயும் சூடாகணும், கீழேயும் சூடாகணும். வாயுக்கள் காரணம்னா கீழே சூடாகும், உயரத்தில் குளிரும். இதை 1967-லேயே மனாபேயும் வெதரால்டும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அளந்தால், கீழே சூடு, உயரத்தில் குளிர்ச்சி. ஓசோன் குறைந்ததும் அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு காரணம். ஆனால் சூரியனை வைத்து இதை விளக்க முடியாது. போதாததற்கு, 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை நேரடியாக அளக்கின்றன. அது ஏறவில்லை.

அப்போ ஃபெஞ்சல் புயலை உண்டாக்கினது மனுஷனா? அப்படிச் சொல்ல முடியாது. அறிவியல் சொல்வது இதுதான்: காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். 19-ஆம் நூற்றாண்டோடு ஒப்பிட்டால் உலகம் ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. வருகிற புயல் எதுவானாலும் கொட்டுறதுக்கு அதன் கையில் தண்ணி அதிகம்.

இதை ஏன் இவ்வளவு விவாதிக்கணும்னு தோணலாம். காரணம் யார்ங்கிற பதில்தான், நஷ்டம் யார் தலையில் விழும்னு முடிவு பண்ணுது. தாது வருஷத்தில் சூரியன் மேல பழி போட்டாங்க. வரி உப்பு வாங்கிச் சாப்பிட்டவங்க மேல விழுந்தது. இன்னிக்குத் தமிழ்நாடு அரசு மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது வழக்கமா வேலை இல்லாத மாசத்துக்கு. சித்திரையிலோ ஆடியிலோ தப்பி வந்து பாத்தியைக் கரைக்கிற மழைக்கு யார் பொறுப்பு? உப்பு வாருறவங்க இந்த வாயுவை எவ்வளவு வெளியே விட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த முறை மரக்காணத்துல வண்டியை நிறுத்தும்போது இந்தக் கணக்கும் ஞாபகம் வரட்டும்.