விரல்வழிக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றைப் பாடசாலைகளின் தொகைகொண்டு மதிப்பிடுதல் வழக்கம். அப்பாடசாலைகளின் வாயிலுக்கு வெளியே நின்றோர் யாவர் என்று வினவும்போதே அவ்வரலாற்றின் வர்க்க இயல்பு புலனாகும்.

தமிழ் வழங்கும் நிலப்பரப்பில் விழிப்புலனற்றோர் கல்வி மிஷனரிமாரின் முயற்சியால் தொடங்கிற்று. 1890 இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும், 1912 இல் இலங்கையில் மேரி சப்மன் அம்மையாரும் இப்பணியைத் தொடக்கினர். பின்னவர் நிறுவிய பாடசாலை இறத்மலானையில் நிலைபெற்றது. இவர்தம் பணி போற்றுதற்குரியது. ஆயின் அறக்கொடையாக வந்த கல்வி, உரிமையாக உணரப்படவில்லை. 1945 இன் இலவசக் கல்வியும் இக்குறையை முற்றாகத் தீர்க்கவில்லை. கல்முனைக் கரையின் மீனவனுக்கும் வயற்கூலிக்கும் இறத்மலானை 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. பிள்ளையை வேற்று மொழிச் சூழலில் விடுதிக்கு அனுப்புதல் வறியோர்க்கு எளிதன்று.

இக்கரையின் முஸ்லிம் மக்களுக்கு இப்பொருள் அந்நியமானதன்று. திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம், அறிவு நாடி வந்த பார்வையற்ற ஒருவர் புறக்கணிக்கப்பட்டதைக் கண்டிக்கின்றது. செவிவழி மனனமும் இங்கு வேரூன்றிய மரபே. அத்தகைய மரபில் குர்ஆனை மனனஞ்செய்த எகிப்தின் தாஹா ஹுசைன் (1889–1973), 1950 இல் கல்வி அமைச்சராகிப் பாடசாலைக் கட்டணங்களை நீக்கினார். எனினும் மனனம் கேட்போனை உருவாக்கும். தானே வாசித்துத் தானே எழுதுவோனை எழுத்தே உருவாக்கும்.

அவ்வெழுத்துக்கு 1951 இல் வழி பிறந்தது. யுனெஸ்கோவின் ஆதரவில் இந்திய, இலங்கை மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் முறை வகுக்கப்பட்டது. இதில் தமிழ் எழுதப்படும் முறை ஆசிரியரின் தனிக் கவனத்துக்குரியது. அச்சில் 'கொ' என்பதன் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும். பிரெயிலிலோ ககரத்தின் பின் ஒகரம் வரும். மெய்யின் புள்ளி எழுத்துக்கு மேலன்றி முன்னே இடப்படும். அச்செழுத்து மட்டுமே அறிந்த ஆசிரியர், மாணவனின் எழுத்துப் பிழையைத் திருத்தவும் இயலாதவராவார்.

1969 இல் விழிப்புலனற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிற் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித்திட்டம் இலங்கையில் தொடங்கியபோது, பொறுப்பு விடுதியிலிருந்து வகுப்பறைக்கு மாறிற்று. ஆசிரியப் பயிற்சி அதனோடு மாறாவிடின், பிள்ளை வகுப்பிலிருந்தும் கல்விக்குப் புறத்தே நிற்கும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாகக் கல்வி நிறுவன அனுமதியிற் பாகுபாடு காட்டுதலைத் தடுத்தது. அதே ஆண்டிலேயே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உருப்பெற்றது. ஆசிரியப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற அட்டாளைச்சேனையோ அதன் அயலிலேயே உள்ளது. தமிழ்ப் பிரெயில் கற்பித்தலை ஆராயவும், ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் அதன் அடிப்படைகளைப் பயிற்றவும் இவ்விரு களங்களும் போதுமானவை. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளையின் விரலைப் பற்றி எழுத்தில் வைப்பவர் ஆசிரியரே.