தென்னகத்துக் காண்டாமிருகம்: எலும்பு கிடைத்த இடமும் விலங்கு மேய்ந்த இடமும்

இராஜபாளையம் அய்யனார் கோவில் ஓடையில் குளிக்கப் போகிறவர்கள் கால் ஊன்றும் பாறை சார்னோகைட்டும் நைசும். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய, 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கல். அதற்குள் பாலூட்டியின் எலும்பு இருக்க வழியில்லை. அதன்மேல் படிந்த காட்டு மண்ணோ மழையில் ஊறி, அமிலமேறி, எலும்பைக் கரைத்துவிடும். அங்கே காண்டாமிருகப் புதைபடிவம் இல்லை என்பது பாறையைப் பற்றிய செய்தி. விலங்கைப் பற்றியது அன்று.

எலும்பு கிடைத்த இடங்களைப் பார்த்தால் இது விளங்கும். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பெல்காம் மாவட்டம் கோகாக் அருகே ஆற்றுப் படிவில் கிடைத்த எலும்புகளுக்கு 1874இல் ‘ரைனோசெரஸ் டெக்கானென்சிஸ்’ எனப் பெயரிட்டார். கர்னூல் பில்லாசுர்கம் குகைகளில் அவரும் மகன் ஹென்றியும் தோண்டியவற்றிலிருந்து தொல்லுயிரியலாளர் லிடெக்கர் 1886இல் ‘கர்னூலியென்சிஸ்’ இனத்தை வகுத்தார். இலங்கையில் இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சரளையில் வந்ததை அந்நாட்டுத் தொல்லுயிரியலாளர் தெரணியகல ‘சின்ஹலேயஸ்’ என்றார். தமிழ்நாட்டில் எலும்பு கிடைத்த இடம் தூத்துக்குடி மாவட்டச் சாத்தான்குளம், அதைப் பற்றிப் பதாமும் சு.கி. ஜெயகரனும் 1993இல் எழுதினர். வண்டல், குகை, சரளை என எல்லாமே எலும்பை மூடிக் காக்கும் இடங்கள். சாத்தான்குளத்துக்குத் தெற்கே திசையன்விளைப் பக்கம் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை ஓடுகிறது. 2021இல் வாரக்கணக்கில் வெள்ளத்தைக் குடித்தும் நிரம்பாத ஆயன்குளம் கிணறு அந்தப் பாறையின் வேலைதான். சுண்ணாம்பு நிலத்தில் எலும்பு எளிதில் கரையாது.

இத்தனை இனப்பெயர்கள் தேவையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. காண்டாமிருகத்தின் மேல்கடைவாய்ப் பல்லில் வெளிச்சுவர் ஒன்று, குறுக்கு மேடுகள் இரண்டு. நடுப் பள்ளத்துக்குள் நீளும் சிறு முட்கள் இன்றைய இந்தியக் காண்டாமிருகத்தில் இணைந்து தனிக் குழி ஒன்றை அடைக்கும். பல்லின் உயரமும் புல் மேய்ச்சலுக்கு ஏற்றபடி கூடுதல். தழை தின்னும் ஜாவா இனத்தில் அது குட்டை. ஆனால் அம்மி தேயத் தேயக் கொத்தின தடம் மாறுவதுபோல், வயது ஏற ஏற இந்தக் கோலமும் மாறும். இளம் விலங்கின் பல்லையும் கிழட்டு விலங்கின் பல்லையும் தனித்தனியே பார்ப்பவர் இரண்டு இனம் என்று எழுதிவிடலாம். கொம்போ வெறும் கெரட்டின், மக்கிப்போகும். அது இருந்த இடத்தை மூக்கெலும்பின் சொரசொரப்புத்தான் காட்டும். எனவே ஒருசில பற்களை நம்பி எழுந்த இனங்களை, தேய்மானத்தைக் கணக்கில் கொண்டு இமயமலை அடிவாரச் சிவாலிக் படிவுகளின் மண்டையோடுகளோடு ஒப்பிடும்வரை, தற்காலிகப் பெயர்களாகவே கொள்ள வேண்டும்.

சாத்தான்குளத்துப் படிவம் வழிதவறி வந்த ஒற்றை விலங்கினுடையது என்று வாதிடலாம். ஆனால் அதற்கு வடக்கே கர்னூலும் தெற்கே இரத்தினபுரியும் இருக்கையில் அந்த வாதம் நிற்காது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரை. அதற்கு முந்தைய பனிக்காலங்களிலும் கடல் இப்படி வற்றியதுண்டு. இரத்தினபுரிக்கு நடந்து போன விலங்கு தென்தமிழகச் சமவெளியைத் தொடாமல் போயிருக்க முடியாது. அதற்கு வேண்டியதெல்லாம் புல்லும், புரளச் சேறும்.

ஆகவே அடுத்துத் தேட வேண்டிய இடம் மலையடிவாரம் அன்று. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஓடைகள் சேரும் வைப்பாறு தூத்துக்குடிக் கரையில் கடலடைகிறது. அதன் கீழ்ப்பகுதியில் பழைய வண்டல் மேடுகளும் சுண்ணாம்புக் கட்டிகள் செறிந்த மண்ணடுக்கும் உண்டு. கிணறு வெட்டும்போதும் மணல் அள்ளும்போதும் வெளிப்படும் எலும்புத் துண்டுகளைப் பதிந்துவைக்க உள்ளூர்க் கல்லூரிகளின் விலங்கியல், நிலவியல் துறைகள் முன்வந்தால், சாத்தான்குளத்துக்கு வடக்கே அடுத்த புள்ளி அங்கே கிடைக்க வாய்ப்பு மிகுதி.