வாவிக்கரையில் ஒரு புதிய சபை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அந்நாட்டு மக்கள் எழுவான்கரை, படுவான்கரை என்று அழைப்பர். கதிரவன் எழும் திசையில் கடலை ஒட்டிய மணற்பாங்கான ஊர்கள். மறையும் திசையில் வயலும் காடும். இவ்விரு கரைகளிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. மணிக்கூண்டோ பீடமோ இல்லாத சிறு கிறிஸ்தவ சபைகள், ஓலைக் கொட்டில்களிலும் வாடகை வீடுகளிலும் தொடங்கிப் பெருகியிருக்கின்றன. பெந்தெகொஸ்தே மரபைச் சார்ந்த இச்சபைகளில் உள்ளூர்த் தமிழரும், பறங்கியரும், மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரும், சிற்சில இடங்களில் சிங்களரும் அருகருகே அமர்ந்து வழிபடுகின்றனர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, மாவட்டத்தின் ஐந்தேகால் இலட்சம் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர் கிறிஸ்தவர். அவர்களுள் கத்தோலிக்கரல்லாதோரின் விகிதம் நாட்டின் சராசரியைக் காட்டிலும் மிக அதிகம்.

இவர்கள் ஏன் சேர்ந்தனர்? சைவ மேடைகளிலும் நம்மவர் கூட்டங்களிலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "சோற்றுக்காக!" ஒரு பால்மாப் பொதிக்கும் பத்துத் தகட்டுக்கும் மதம் மாறியவர்கள் என்று ஏளனமாகச் சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். இவ்விடை உண்மைதானா என்பதை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

சோற்றைக் காட்டியும் பதவியைக் காட்டியும் மதம் பரப்பும் சோதனையை இந்நாடு முன்பே ஒருமுறை முழுமையாகக் கண்டிருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் ஆண்ட கரையோர நாடுகளில் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் பெற்றவனுக்கே அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. திருமணப் பதிவும் வாரிசுரிமையும் தோம்பு எனப்பட்ட பதிவேடுகளோடு பிணைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் பெயரளவில் கிறிஸ்தவராயினர். பின்னர் நிகழ்ந்தது என்ன? 1795–96இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறிக் கட்டாயம் நீங்கியதும், அந்தக் கிறிஸ்தவர்கள் சாரிசாரியாகக் கோயில்களுக்குத் திரும்பினர். சலுகைக்காக வந்தவன் சலுகை போனதும் போய்விட்டான். சோறு ஒருவனை வாசல்வரை அழைத்து வரலாம். இருபது முப்பது ஆண்டுகள் உள்ளே இருத்தி வைக்க அதனால் இயலாது.

அடுத்து வந்தது பள்ளிக்கூடத்தின் காலம். 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கினார். எட்டு மாதங்களில் நோயுற்று மாண்ட அவ்விளைஞர் தொடங்கிய கல்விப்பணியின் வழிவந்ததே மெதடிஸ்த மத்திய கல்லூரி. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இல் எழுந்தது. 1895 முதல் யேசுசபைத் துறவிகள் இப்பகுதியின் பணியை ஏற்றனர். இத்திருச்சபைகள் தந்த கல்வியை யாரும் மறுக்கவியலாது. ஆனால், தலைமுறைகள் செல்லச் செல்ல இவையும் ஊரமைப்பின் ஓர் உறுப்பாயின. இன்ன தெருவார், இன்ன குலத்தார், இன்ன கோவிற்பற்றினர் என்று பிறப்போடு சமயமும் வந்தது. பட்டணத்துப் பறங்கியர் கத்தோலிக்கராய்ப் பிறந்து கத்தோலிக்கராய் இறந்தனர். ஆலயத்தில் தமிழரோடு ஒன்றாய் முழந்தாளிட்ட போதிலும், மணவினையில் தனிச் சமூகமாகவே நீடித்தனர்.

ஊரமைப்பு என்றோம். அதனைச் சற்று விளக்குதல் வேண்டும். மட்டக்களப்புச் சமூகம் தாய்வழிக் குடிகளால் ஆனது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில், மண்டூர் முருகன் கோயில், திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயில் போன்ற தேசத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, யாருக்கு முதல் மரியாதை, யார் வண்ணக்கர் என்பதெல்லாம் பிறப்பினால் வகுக்கப்பட்டவை. நாவிதரும் வண்ணாரும் பறையறைவோரும் தத்தம் ஊழியத்தைச் செய்யும் கடமையினாலேயே அவ்வொழுங்கில் இடம்பெற்றனர். வயலில் போடியார், அவருக்குக் கீழ் முல்லைக்காரன், அவனுக்கும் கீழ்க் கூலியாள். கோயிலின் படிநிலையும் வயலின் படிநிலையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தாய்வழி மரபு பெண்ணுக்கு வீட்டைத் தந்தது உண்மையே. எனினும் சபையில் எழுந்து பேசும் உரிமையை அது அவளுக்குத் தரவில்லை.

இவ்வொழுங்கின் மீது இடி மேல் இடி விழுந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னந்தோட்டங்களைத் தரைமட்டமாக்கியது. 1983க்குப் பின் போர் மூண்டது. வாவியே எல்லையாயிற்று: நெடுங்காலம் எழுவான்கரை படையினர் வசமும் படுவான்கரை இயக்கத்தின் வசமும் இருந்தன. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அதற்கு முந்திய மாதம் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் இயக்கத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையூர்களைக் கொண்டுபோயிற்று. 2007இல் படுவான்கரையில் நடந்த சண்டையில் ஊர்கள் முழுமையாக இடம்பெயர்ந்தன. குடியும் கோயிலும் போடியாரும் சிதறிய இடத்தில், கணவனைப் பறிகொடுத்த பெண் எஞ்சி நின்றாள்.

அவள் எங்கே சென்றாள்? முதலில் அம்மன் கோயிலுக்கே சென்றாள். 1990களில் இங்கு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ், உருவேறி வாக்குச் சொல்லும் பெண்களைத் தேடிக் காணாமற்போனோரின் உறவினர் திரண்டதை எழுதியிருக்கிறார். வெளியே பேசினால் உயிருக்கு ஆபத்து. தெய்வத்தின் முன் மட்டுமே வாய்விட்டு அழலாம். "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்ற கேள்வியைக் கேட்க அங்கு ஓர் இடம் இருந்தது. புதிய சபையும் இதே தேவைக்கே விடையளித்தது. அங்கே அவள் எழுந்து நின்று சாட்சி சொல்லலாம், அழலாம், அவள் பெயரைச் சொல்லிப் பிறர் செபிப்பர், நோயுற்றால் தலைமேல் கைவைப்பர், மறுவாரம் வராவிடில் வீடு தேடி வருவர். குடியை விடாத ஆணுக்கு அச்சபையில் மதிப்பில்லை. கசிப்பினால் அழிந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அவ்விதி ஒரு பொருளாதார நன்மையுங்கூட. போதகரோ பெரும்பாலும் மீனவனின் மகன் அல்லது கூலியாளின் மகன். அவள் பேசும் தமிழிலேயே பேசுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே விரித்த பாயில் யார் எந்தக் குடி என்று கேட்பாரில்லை.

பல இனத்தாரும் ஒன்றுகூடும் இப்பண்பு இம்மரபின் பிறப்போடு வந்தது. 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா வீதியில், முன்பு குதிரைலாயமாயிருந்த ஒரு கட்டடத்தில் இவ்வியக்கம் ஓங்கிற்று. அதன் தலைவர் வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்தோரின் புதல்வர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வாகனத்தில் உட்காரவும் தடைகள் இருந்த நாட்டில், அவர்கள் அங்கே ஒன்றாக மண்டியிட்டனர். இலங்கையில் 1920களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிசனை நிறுவியவர் மலையாள நாட்டில் பிறந்த இராமன்குட்டி என்னும் பாஸ்டர் பால். அவரோடு தோள்கொடுத்தவர் அல்வின் டி அல்விஸ். வெள்ளைக்கார மிசனரியின் ஆணையை எதிர்பாராமல் தென்னாசியர் தாமே நடத்திய சபை அது.

ஆயினும் வரலாறு எச்சரிக்கையும் செய்கிறது. அசூசா வீதியின் ஒற்றுமை நிலைக்கவில்லை. 1914க்குள் வெள்ளையருட் பெரும்பாலோர் தமக்கெனத் தனி அமைப்புக் கண்டனர். பாயில் ஒன்றாக அமர்வது ஒன்று. வயலில் சமமாவது வேறொன்று. ஞாயிறன்று சகோதரன் எனப்பட்டவன் திங்களன்று அதே கூலிக்கே போகிறான். அவன் நிலமற்றவனாய் இருப்பதன் காரணத்தைச் சபை கேட்பதில்லை. கண்ணகையம்மன் குளிர்த்தியில் கலந்துகொள்ளாதே என்று விலக்கும்போது தாய்க்கும் மகளுக்கும் இடையே சுவர் எழுகிறது. வெளிநாட்டுப் பணத்துக்குச் சில இடங்களில் பங்குண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வாவிக்கரையின் மற்றோர் பெருஞ்சமூகமான முஸ்லிம்கள் இந்தப் பாயில் இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இக்குறைகளைச் சட்டத்தால் தீர்க்க முனைந்தோரும் உண்டு. 2004இல் ஜாதிக ஹெல உறுமய உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த சட்டமூலம், ஆசைகாட்டி மதம் மாற்றுவதைக் குற்றமாக்க முயன்றது. மதம் மாறியவர் அதனை அரசாங்க அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்றும் அது விதித்தது. மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் காக்கும் 10ஆம் உறுப்புரைக்கு இவ்விதி முரணானது என உயர் நீதிமன்றம் கண்டது. சட்டமூலம் சட்டமாகவில்லை. ஆனால் அதன் அடியிலிருந்த எண்ணம் இன்னும் மறையவில்லை. ஏழைக்கு வயிறு உண்டு, மனம் இல்லை என்பதே அவ்வெண்ணம். சோற்றுக்காக மாறினார்கள் என்று சொல்லும் முற்போக்காளனும் தன்னையறியாமல் அதே பக்கத்தில் போய் நிற்கிறான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் அவர்கள். தப்பியோர் சிதறிவிடுவர் என்று எண்ணியவர் இருந்திருக்கலாம். அவர்கள் வேறிடத்தில் மீண்டும் கூடினர். பால்மாவுக்காக வந்தவர்கள் இப்படிக் கூடுவார்களா?

ஆசிரியர்களே, மாணவர்களே! மதமாற்றத்தை மெச்சுவதோ பழிப்பதோ நமது வேலையன்று. அந்தப் பெண் தேடியது எது என்பதை அறிவதே நமது வேலை. துயரைச் சொல்ல ஓரிடம், கேட்பதற்கு ஒரு செவி, குலம் கேளாத ஓர் இருக்கை, வராத நாளில் தேடிவரும் நால்வர் – இவற்றை அவள் தேடினாள். கமக்காரர் சங்கமும், மீனவர் கூட்டுறவும், வாசிகசாலையும் இவற்றை அவளுக்குத் தந்திருக்கலாம். நமது கூட்டங்களில் மேடையும் ஒலிபெருக்கியும் தீர்மானங்களும் இருந்தன. அவள் எழுந்து பேசியதாக நமது கூட்டக் குறிப்பு எதிலாவது பதிவு உண்டா? புரட்டிப் பார்த்துவிட்டுப் பின்னர் அவளைக் குறை கூறுவோம்.