ஏழைகளின் நனவிலி

உளப்பகுப்பாய்வு என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுதான்: வியன்னாவின் செல்வர் ஒருவர் சாய்விருக்கையில் படுத்திருக்க, தலைமாட்டில் சுருட்டுடன் அமர்ந்திருக்கும் ஃப்ராய்ட். மேல்தட்டினரின் சோர்வுக்கான விலையுயர்ந்த வைத்தியம் என்று அதை ஒதுக்கிவிடுவது இடதுசாரி விமர்சகர் பலருக்கும் எளிதாயிருந்தது. வரலாற்றின் ஒரு பாதியை இச்சித்திரம் மறைத்துவிடுகிறது.

1918 செப்டம்பரில், உலகப்போர் முடியும் தறுவாயில், புடாபெஸ்ட் மாநாட்டில் ஃப்ராய்ட் பேசினார். அறுவைச் சிகிச்சைக்கு ஏழைக்குள்ள உரிமை மனச்சிகிச்சைக்கும் உண்டு. காசநோயைப் போலவே மனப்பிணிகளும் மக்கள் நலத்தை அச்சுறுத்துகின்றன. எனவே கட்டணமற்ற நிலையங்கள் தோன்றியாக வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். 1920 பிப்ரவரியில் மாக்ஸ் ஐட்டிங்கோன் தம் குடும்பச் செல்வத்தைக் கொண்டு பெர்லினில் அத்தகைய நிலையமொன்றைத் திறந்தார். இயன்றோர் இயன்றதைத் தந்தனர். இயலாதோர் எதுவும் தரவில்லை. 1922 மே மாதம் வியன்னாவிலும் ஒன்று தோன்றியது.

வியன்னா நிலையத்தில் தொழிலாளரையும் வீட்டுப் பணிப்பெண்களையும் சந்தித்த இளம் மருத்துவர் வில்ஹெல்ம் ரைஹ், சங்கடமான ஒரு முடிவுக்கு வந்தார். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்கும் வீட்டிலிருந்து வருபவரின் துயரை, குழந்தைப்பருவ நினைவுகளை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியுமா? ஆண்டுக்கணக்கில் ஒருவரைக் குணப்படுத்துவதற்குள் சமூகம் ஆயிரம் பேரை நோயாளியாக்கிவிடுகிறதே? 1929இல் தொழிலாளர் பகுதிகளில் பாலியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கினார். தனிமனித விடுதலையும் சமூக விமர்சனமும் ஒரே வினாவின் இரு முகங்களாயின.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1933இல் கம்யூனிஸ்டுகள் அவரை விலக்கினர். 1934இல் லூசெர்ன் மாநாட்டில் உளப்பகுப்பாய்வாளரும் விலக்கினர். அரசியலைக் கைகழுவினால் நாஜிகளின் சினத்திலிருந்து துறையைக் காத்துவிடலாம் என்று தலைமை கணக்கிட்டது. கணக்கு பொய்த்தது. 1935 இறுதியில் ஜெர்மன் சங்கத்தின் யூத உறுப்பினர்கள் விலகும்படி நிர்ப்பந்திக்கப்பட்டனர். 1936இல் பெர்லின் நிலையம் ஹெர்மன் கோரிங்கின் உறவினரது நிறுவனத்துக்குள் கரைந்தது. 1938இல் வியன்னா நிலையமும் மூடப்பட்டது.

அமெரிக்காவுக்குத் தப்பியோரில் பலர் தம் இடதுசாரி இளமையைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஓட்டோ ஃபெனிகல் மட்டும் 1934 முதல் 1945 வரை நெருங்கிய நண்பர்களுக்கு 119 சுற்றுக்கடிதங்களை மறைவாக எழுதிவந்தார். ஒடுக்கப்பட்ட நினைவுகளை மீட்டெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை, தன் நினைவையே ஒடுக்கிக்கொண்டது. ஃப்ராய்டை வாசிக்கும் நாம், சாய்விருக்கையோடு சேர்த்து அந்த இலவச நிலையங்களின் வாசலில் காத்திருந்தவர்களையும் காணப் பழக வேண்டும்.