தோல் தொடு ஒவ்வாமை: விலங்குச் சோதனை முறைகள்

தலைச்சாயத்தில் உள்ள பாரா-ஃபீனைலீன்டையமின், கவரிங் நகையில் கலந்திருக்கும் நிக்கல் போன்றவை முதலில் தோலில் படும்போது பெரும்பாலும் எதுவும் தெரியாது. உடலின் டி-செல்கள் அவற்றை அடையாளம் கண்டு பெருகிவிட்டால், அடுத்தடுத்துப் படும்போது அரிப்பும் கொப்புளமும் வரும். இதுவே தொடு ஒவ்வாமை. ஒரு வேதிப்பொருளுக்கு இந்தத் தன்மை உண்டா என்பதை முன்கூட்டியே அறியப் பல ஆண்டுகள் கினிப்பன்றிகளே பயன்பட்டன.

1965-இல் வந்த பியூலர் முறையில் சோதனைப் பொருள் இட்ட பட்டையை ஆறு மணி நேரம் தோலில் ஒட்டுவார்கள். ஊசி கிடையாது. அதனால் வலி குறைவு. ஆனால் மிதமான ஒவ்வாமைப் பொருள்கள் தப்பிவிடும் வாய்ப்பு அதிகம். மேக்னசனும் கிளிக்மனும் 1969-இல் வெளியிட்ட உச்சத் தூண்டல் சோதனை அதைவிடக் கூர்மையானது. எதிர்ப்பாற்றலைக் கிளறிவிடும் ஃபிராய்ண்ட் துணைமருந்தையும் சேர்த்துத் தோலுக்குள் ஊசி போட்டு, ஒரு வாரம் கழித்துப் பட்டை ஒட்டி, மூன்றாம் வாரத்தில் மீண்டும் சோதிப்பார்கள். துணைமருந்து போட்ட இடம் புண்ணாகும். இரண்டிலும் முடிவு, தோல் எவ்வளவு சிவந்தது என்று கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்தான். நிறமுள்ள வேதிப்பொருள் என்றால் அந்தச் சிவப்பைப் பிரித்தறிவதே கடினம்.

சுண்டெலிகளில் செய்யப்படும் நிணநீர்க் கணுச் சோதனை, சிவப்பைப் பார்ப்பதில்லை. ஒவ்வாமை உருவாகும் கட்டத்தையே அளக்கிறது. காதின் புறப்பரப்பில் மூன்று நாள் தொடர்ந்து சோதனைப் பொருளை 25 மைக்ரோலிட்டர் தடவி, ஆறாம் நாள் கதிரியக்கத் தைமிடினை வால் சிரையில் ஏற்றுவார்கள். ஐந்து மணி நேரம் கழித்துக் காதோர நிணநீர்க் கணுக்களை எடுத்து, அவற்றில் சேர்ந்த கதிரியக்கத்தைக் கொண்டு செல் பெருக்கத்தைக் கணக்கிடுவார்கள். ஒப்பீட்டுக் குழுவைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வாமைப் பொருள். அந்த மூன்று மடங்குக்குத் தேவைப்படும் செறிவு வீரியத்தையும் காட்டும்: டைநைட்ரோகுளோரோபென்சீனுக்குச் சுமார் 0.05 சதவீதம், ஹெக்சைல் சின்னமால்டிஹைடுக்குச் சுமார் 10 சதவீதம். கினிப்பன்றிச் சோதனைகள் இப்படி ஓர் எண்ணைத் தருவதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இம்முறையை 2002-இல் 429-ஆம் வழிகாட்டியாக ஏற்றது.

குறைகளும் உண்டு. சோடியம் லாரில் சல்பேட் வெறும் எரிச்சலூட்டிதான். ஆனாலும் இதில் ஒவ்வாமைப் பொருளாகத் தேறிவிடுகிறது. மனிதரை அதிகம் வாட்டும் நிக்கலோ தவறிவிடுகிறது. காரணம், நிக்கல் நேரடியாகப் பற்றிக்கொள்ளும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மனிதரின் டிஎல்ஆர்4 என்ற எதிர்ப்பாற்றல் ஏற்பியில் உள்ளன. எலியின் ஏற்பியில் அவை இல்லை. எனவே உலோக உப்புகளைப் பொறுத்தவரை எலிச் சோதனையின் "இல்லை" என்ற விடையை மட்டும் நம்பி ஒரு பொருளைப் பாதுகாப்பானது என்று அறிவிக்கக் கூடாது.