சுத்தமும் விருந்தோம்பலும்: யாழ்ப்பாணத்து வீடு பற்றிய ஒரு குறிப்பு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலை வெறும் வாயிலன்று. கூரை வேய்ந்த அப்படலையின்கீழ் வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குவர். அங்கு வைக்கப்பட்ட நீரை அருந்துவர். வீட்டவரை அழையாமலே பெறத்தக்க உபசாரம் அது. இன்று சங்கடப்படலைகள் அருகி, மதிலும் இரும்புக் கேற்றும் பெருகிவிட்டன. இம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சுத்தம் பற்றிய கருத்தின் பங்கினை மட்டுமே இங்கு நோக்குகின்றோம்.

நவீன சுகாதாரக் கருத்து இம்மண்ணில் தமிழிலேயே போதிக்கப்பட்டமை மனங்கொளத்தக்கது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவம் கற்பித்ததோடு, உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய அறிவைத் தமிழ் நூல்களாகவும் தந்தார். றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததோ 1882இல். கிருமி பற்றிய அச்சம், ஆகவே, பிந்தி வந்தது. ஒருவர் வாய்வைத்த பாத்திரம் மற்றவருக்கு ஆகாது என்பதற்கு அது விஞ்ஞான நியாயத்தை அளித்தது.

ஆனால் அவ்வழக்கம் இங்கு புதியதன்று. மூக்குப்பேணியை வாயிற் படாது அண்ணாந்து குடிப்பது கிருமிக்கு அஞ்சியன்று, எச்சிலுக்கும் துடக்கிற்கும் அஞ்சியே. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுத்தவர்கள் நோய்த்தடுப்பை எண்ணியிருக்கவில்லை. சங்கடப்படலை நீரையும் எல்லோரும் தாமே மொண்டு குடித்திருக்க இயலாது. பழைய விருந்தோம்பலைப் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பெரிதும் ஏட்டளவில் நின்றது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதன்பின் 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே கடைக் கிளாசைப் பொதுவாக்கின.

கடையில் தோற்றது வீட்டினுள் வேறு பெயரிற் பிழைத்தது என்பது எமது கருத்து. சாதிப்பெயரைச் சொல்ல நாணிய வீடுகளில், 'அவையள் சுத்தமில்லை' என்ற சொல் அதே வேலையைச் செய்தது. புறத்தே வைக்கப்பட்ட தனிக் கிளாசுக்குச் சுகாதாரமே காரணமாகக் கூறப்பட்டது. மறுக்க வழியற்ற காரணம்!

இதற்காகச் சுகாதாரத்தை நாம் பழிக்கவில்லை. கொதித்தாறிய நீர் எத்தனையோ குழந்தைகளைக் காத்தது. எனினும் இழப்பும் உண்டு. முற்றத்தில் ஒடியற் கூழ் காய்ச்சி, சுற்றியிருந்து பிலாவிலையைக் கோலிக் குடித்தபோது, கழுவுவதற்குப் பாத்திரமில்லை. குடித்தபின் இலை எறியப்பட்டது. சீமெந்து நிலமும் கண்ணாடி அலுமாரியும் வந்தபின் பெண்ணின் வேலை குறைந்துவிடவில்லை. சாணியால் மெழுகியவள் இப்போது துடைக்கிறாள். அதிலும் கறை முன்னிலும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்க இல்லங்களை ஆராய்ந்த ரூத் சுவாட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில், வீட்டுச் சாதனங்கள் தாய்மாரின் வேலையைக் குறைக்கவில்லை என்று காட்டியமை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

சொல்லாமல் வந்த உறவினரை வாசலிலேயே நிறுத்திக் கதைத்தனுப்பும் இல்லாளை 'உபசாரமறியாதவள்' என்று ஊர் ஏசுகிறது. அவர் போனபின் கூடத்தைத் துடைக்கவேண்டியவள் அவள் என்பதை ஏசுவோர் கணக்கிற் கொள்வதில்லை.